தண்டையார்பேட்ட டு மணலி, வருஷத்துக்கு 5,400 கி.மீ. தான்... ஆயில் எப்போ மாத்துறது? ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க

டோல்கேட்_வேகன்ஆர்:

எல்லாருக்கும் வணக்கம். 2014 மாடல் வேகன்ஆர், பெட்ரோல், செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ரெண்டு வருஷம் ஆவுது, மீட்டர்ல இப்போ 62,000 சொச்சம் காட்டுது. வூடு தண்டையார்பேட்ட, வேல மணலில. டோல்கேட், தேரடி, சாத்தாங்காடு வழியா போவேன், ஒரு பக்கம் 9 கி.மீ. தான். ஆனா அந்த 9 கி.மீ.க்கு முக்கா மணி நேரம் ஆவும், கண்டெய்னர் லாரி லைன் கட்டி நிக்குற அன்னிக்கு ஒரு மணி நேரம் கூட ஆவும், இந்த ஏரியா ஆளுங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. மாசம் 25 நாள் ஓட்டுறேன். கணக்கு போட்டா வருஷத்துக்கு 5,400 கி.மீ. வருது, அதுக்கு மேல ஊருக்கெல்லாம் இந்த வண்டில போறதில்ல, ரயில் தான்.

பிரச்சன இன்னான்னா ஆயில் எப்போ மாத்துறதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கம்பெனி சர்வீஸ்ல ஒட்டுன ஸ்டிக்கர்ல 10,000 கி.மீ. இல்லன்னா 1 வருஷம்னு போட்ருக்கு. தெரு முனைல இருக்குற மெக்கானிக் அண்ணன் 5,000ங்குறாரு. எங்க மாமனார் அம்பாசடர் ஓட்டுனவரு, அவரு 3,000 தாண்டுனா என்ஜின் செத்துடும்னு ஞாயித்துக்கிழம சோறு போடும்போது கூட அதான் பேசுறாரு. ஆபீஸ்ல ஒருத்தன் ஃபுல் சிந்தடிக் ஊத்திட்டு 15,000 வரைக்கும் மறந்துடுங்குறான். நாலு பேர் நாலு நம்பர், நான் யார நம்புறது?

இன்னொரு டவுட்டு, போன தடவ மாத்தி 2,000 கி.மீ. கூட ஓடாதப்பவே டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்குற குச்சி) எடுத்து பாத்தேன், காப்பி டிகாஷன் மாதிரி கருப்பா இருந்துச்சு. ஏமாத்திட்டாங்களா?

மிண்ட்_பஸ்ஸ்டாண்டு:

ஜி இதுக்கு ஏன் பஞ்சாயத்து. டேஷ்போர்ட் பொட்டில ஓனர்ஸ் மேனுவல்னு ஒரு புக்கு இருக்கும், அத தொறந்து பாருங்க. வண்டிய செஞ்சவனுக்கு தெரியாததா உங்க மாமனாருக்கு தெரியும். 10,000 இல்லன்னா 1 வருஷம், எது முன்னாடி வருதோ அது. உங்களுக்கு கி.மீ. வரவே வராது, வருஷம் தான் முன்னாடி வரும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவ. முடிஞ்சது.

சர்க்கிள்_டேப்பட்கவர்:

மேல சொன்ன தம்பி புக்க பாருன்னு சொன்னது கரெக்டு தான், ஆனா புக்குல அடுத்த பக்கத்தயும் பாக்கணும். அதுல கடினமான ஓட்டம்னு தனியா ஒரு அட்டவண இருக்கும், தூசி ரோடு, கிட்ட கிட்ட போயிட்டு வர்ற ஓட்டம், நின்னு நின்னு போற டிராஃபிக், ரொம்ப நேரம் ஐடில்ல (வண்டி நகராம என்ஜின் மட்டும்) ஓடுறது, இதுக்கெல்லாம் சீக்கிரம் மாத்துன்னு எழுதிருப்பான். அந்த பக்கத்த யாரும் படிக்கிறதில்ல. டோல்கேட்லேர்ந்து மணலி வரைக்கும் போற வண்டிக்கு அந்த பக்கம் தான்பா மொத பக்கம், எல்லா வரியும் பொருந்துது!

நான் வியாசர்பாடி பக்கம் கார் வேல பாக்குறேன், இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. டேப்பட் கவர, அதான் என்ஜின் மேல இருக்குற மூடிய, கழட்டுனாலே தெரிஞ்சிடும் வண்டி எப்டி வாழ்ந்துச்சுன்னு. ஹைவேஸ்ல ஓடுன வண்டி 1,50,000 ஓடிருந்தாலும் உள்ள அலுமினியம் தேன் கலர்ல பளிச்னு இருக்கும். 40,000 தான் ஓடிருக்கும், ஒரே ஏரியாகுள்ள சுத்துன வண்டி, உள்ள தொறந்தா கருப்பா தார் மாதிரி அப்பிக்கினு இருக்கும், விரலால வழிச்சா வரும். ஓனர் இன்னா சொல்வாரு தெரியுமா, "வண்டி ஓடவே இல்லியேண்ணா." ஓடாததுதான் பிரச்சனயே. அந்த தார் தான் கீழ ஆயில் தேங்குற சம்ப்ல இருக்குற ஜல்லடய அடைக்கும், ஆயில் மேல ஏறாது, காலைல ஸ்டார்ட் பண்ணா செயின் சத்தம் கேக்கும். உன் வண்டி டைமிங் செயின் வண்டி, பெல்ட் இல்ல, அதனால அந்த சத்தம் வந்தா அசால்ட்டா விட்றாத.

உன் மாமனார் சொல்றது பொய்யில்ல தம்பி, அவரு காலத்து வண்டிக்கு அது கரெக்டு. கார்புரேட்டர் வண்டி, காலைல பெட்ரோல் ஜாஸ்தியா வர சோக்க இழுத்து ஓட்டுவாங்க, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்த கழுவிக்கினு ஆயில்ல எறங்கும். ஆயிலும் சாதா மினரல் ஆயில். அன்னிக்கு 3,000ன்றது பயம் இல்ல, அனுபவம். இப்போ இன்ஜெக்‌ஷன் வண்டி, ஆயிலும் மாறிடுச்சு, ஆனா அவரு நம்பர் மட்டும் மாறல.

கருப்பா இருக்குதுன்னு பயப்படாத. ஆயில்ல அழுக்க கழுவுற மருந்து சேத்து தான் விக்கிறான், அது கழுவுனா கருப்பாகும், கருக்கலன்னா தான் கேள்வி கேக்கணும். உன்னுது முன்னாடி யாரோ ஒருத்தர் வச்சிருந்த வண்டி, பழைய அழுக்கு உள்ள கீது, புது ஆயில் அத கரச்சிக்கினு இருக்கு. டீசல் வண்டில மாத்தி ரெண்டாவது நாளே கருத்துடும், அதுக்கு யாரும் கம்ப்ளெயின்ட் பண்றதில்ல. கலர பாக்காத, அளவ பாரு, மோந்து பாரு. பெட்ரோல் வாட அடிச்சா, இல்ல விரல்ல தேச்சா நறநறன்னா, அப்போ பேசு.

ஏர் பில்டர மறந்துடாதீங்க எல்லாரும். சாத்தாங்காடு இரும்பு யார்டு பக்கம் பறக்குற தூசி சாதா தூசி இல்ல. ஏர் பில்டர் ஓட்டயா இருந்தா அந்த தூசி நேரா ஆயிலுக்கு தான் போவும், அப்றம் 5,000ல மாத்துனா இன்னா 1,000ல மாத்துனா இன்னா.

மஞ்சபோர்டு_பெரம்பூர்:

மெக்கானிக் அண்ணன் மேல மரியாத இருக்குது ஆனா 5,000 கணக்கு எல்லாம் வருமானத்துக்கு சொல்றதுண்ணே, கோச்சிக்காதீங்க. நானும் வேகன்ஆர் தான், சிஎன்ஜி, டாக்ஸி. ஒரு நாளைக்கு 220 கி.மீ. ஓட்டுறேன், 45 நாள்ல 10,000 வந்துடும், அப்போ மாத்துவேன், அதுக்கு முன்னாடி தொட மாட்டேன். 2,40,000 தாண்டிருச்சு, ஹெட்ட இது வரைக்கும் கழட்டல, ஆயில் குடிக்கல, பொக இல்ல. நானும் இதே மெட்ராஸ் தூசில தான் ஓட்டுறேன். 5,000 ஓட்டுற ஆளு ஆயில பத்தி இவ்ளோ கவலப்படுறத இங்க தான் பாக்குறேன்.

யார்டு_அவர்மீட்டர்:

மஞ்சபோர்டு அண்ணே, உங்க கணக்குல தான் விடையே இருக்கு, கொஞ்சம் நில்லுங்க.

நான் கண்டெய்னர் யார்டுல மெயின்டனன்ஸ் பாக்குறேன். எங்க கண்டெய்னர் தூக்குற ரீச் ஸ்டேக்கர், ஃபோர்க்லிஃப்ட், ஜெனரேட்டர் எதுக்கும் சர்வீஸ் கி.மீ.ல கிடையாது. ஜெனரேட்டர் ஒரு இஞ்ச் கூட நகராது, அப்போ அதுக்கு ஆயிலே மாத்த வேணாமா? எல்லாத்துக்கும் என்ஜின் எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற அவர் மீட்டர் தான். 250 அவர், 500 அவர்னு மெஷினுக்கு ஏத்த மாதிரி கம்பெனி குடுத்துருப்பான், மணி ஆச்சுன்னா நிறுத்தி மாத்துவோம். ஏன்னா ஆயிலுக்கு ரோடு தெரியாது, என்ஜின் எவ்ளோ நேரம் சுத்துச்சு, எவ்ளோ சூடாச்சுன்னு தான் தெரியும். கார்ல கி.மீ. வச்சதே ஓனருக்கு பாக்க சுலபமா இருக்கும்னு தான்.

இப்போ கேள்வி கேட்ட தம்பியோட வண்டிய மணில பாப்போம். ஒரு நாளைக்கு 18 கி.மீ., ஒன்ற மணி நேரம். அதாவது சராசரி 12 கி.மீ. வேகம், சைக்கிள்ல போனா கூட முன்னாடி போயிடலாம். மாசத்துக்கு 450 கி.மீ., ஆனா முப்பத்தேழர மணி நேரம். வருஷத்துக்கு 450 மணி நேரம். இதே வண்டி சராசரி 50ல ஹைவேஸ்ல ஓடிருந்தா 10,000 கி.மீ.க்கு 200 மணி நேரம் தான் ஆயிருக்கும். மீட்டர்ல பாதி தான் ஓடிருக்கு, என்ஜின் ரெண்டு மடங்குக்கு மேல ஒழச்சிருக்கு.

இத வச்சு பாத்தா ஆறு மாசத்துக்கு 225 மணி நேரம், கி.மீ.ல 2,700. மாமனார் 3,000னு சொன்னாரு இல்ல? காரணம் வேற, ஆனா நம்பர் பக்கத்துல வந்து நிக்குது பாருங்க 😄

புக்குன்னா பத்து வருஷத்துக்கு முன்னாடி அச்சடிச்சது, அதுல ஹார்பர் ஜீரோ கேட் லாரி க்யூ எல்லாம் எழுதிருக்க மாட்டான்.

மஞ்சபோர்டு_பெரம்பூர்:

ஏம்பா யார்டு, அதே கணக்க எனக்கும் போடு. நான் 220 கி.மீ.க்கு 9 மணி நேரம் ஸ்டீரிங்ல இருக்கேன். 45 நாளுக்கு 400 மணி நேரம் ஆவுது. அப்போ நான் 400 மணி நேரம் ஓட்டிட்டு மாத்துறேன், என் வண்டிக்கு ஒண்ணும் ஆவல. அவுரு 450ல வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துனா மட்டும் இன்னா ஆய்டும்?

பேசின்பிரிட்ஜ்_லேப்:

நல்ல கேள்வி, இங்க தான் ரெண்டு பேரும் பாதி பாதி சரி.

டாக்ஸி வண்டி காலைல ஒரு தடவ சூடாச்சுன்னா ராத்திரி வரைக்கும் ஆறாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு கோல்டு ஸ்டார்ட், அதாவது ஆறிப்போன என்ஜின ஸ்டார்ட் பண்றது. ஆயில் 90, 100 டிகிரில நின்னு ஓடிக்கினே இருக்கும்போது உள்ள போன தண்ணி ஆவியா போயிடும், பெட்ரோலும் பெரும்பாலும் போயிடும், என்ஜின் உள்ள சேர்ற ஆவிய இழுக்குற பிசிவி வால்வு அத திரும்ப எரிய அனுப்பிடும். அதுவும் உங்களுது சிஎன்ஜி, வாயு, சிலிண்டர் சுவத்துல பெட்ரோல் மாதிரி ஈரமா எறங்கி ஆயில்ல கலக்காது, கரியும் கம்மி. அதனால உங்க 400 மணி நேரம் சுகமான 400 மணி நேரம். (பேருல லேப்னு இருக்குதேன்னு டாக்டர்னு நெனச்சிடாதீங்க, லூப்ரிகன்ட் டெஸ்ட் பண்ற வேல.)

அதே மாதிரி யார்டு நண்பர் ஜெனரேட்டர் 250 மணி நேரம்னு சொல்றத அப்டியே கார்ல ஒட்ட முடியாது. அது லோடுல ஓடுற டீசல், கரி ஜாஸ்தி. ஒரு கார் டிராஃபிக்ல நிக்கும்போது என்ஜின் மேல பாரம் ரொம்ப கம்மி. நம்ம ஊர் சிட்டில சராசரி 20 கி.மீ. வேகம்னு வச்சுக்கினா கூட 10,000 கி.மீ.க்கு 500 மணி நேரம் ஆவுது, இந்தியால வண்டி விக்கிறவன் அது தெரியாம 10,000னு போட மாட்டான். அதனால 450 மணி நேரம் ஆச்சு என்ஜின் அவுட்டுன்னு பயமுறுத்துறதும் தப்பு. எல்லைக்கு பக்கத்துல நிக்குறாரு, அவ்ளோ தான்.

கேள்வி கேட்டவர்கிட்ட எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த 18 கி.மீ. தவிர நடுவுல குட்டி குட்டி ட்ரிப் எதுனா இருக்கா? ஸ்கூல், மார்க்கெட்டு, கோயில்னு?

டோல்கேட்_வேகன்ஆர்:

இருக்குது சார், எழுத மறந்துட்டேன். காலைல எட்டு மணிக்கு பையன ஸ்கூல்ல விட ஒன்ற கி.மீ. போவேன், வூட்டுக்கு வந்து வண்டிய நிறுத்திட்டு குளிச்சு டிபன் சாப்ட்டு ஒம்போதேகாலுக்கு மணலி கெளம்புவேன். சாயந்திரம் சில நாள் காசிமேடு போய் மீன் வாங்கினு வருவேன், அது ஒரு ரெண்டு கி.மீ. இருக்கும். இதெல்லாம் கி.மீ.ல சேக்குற அளவுக்கு இல்லன்னு தான் விட்டுட்டேன்.

பேசின்பிரிட்ஜ்_லேப்:

கி.மீ.ல சேக்குற அளவுக்கு இல்ல, ஆயில் கணக்குல அது தான் பெருசு 🙂

விஷயம் இதான். டெம்பரேச்சர் முள்ளு அஞ்சு நிமிஷத்துல நடுவுல வந்து நின்னுடும், அது தண்ணியோட சூடு. ஆயில் அதுக்கு அப்புறமும் மெதுவா தான் சூடாகும், ஓட்டத்த பொறுத்து கால் மணி நேரம் கூட ஆகலாம். என்ஜின் சூடாகாத வரைக்கும் பெட்ரோல் கொஞ்சம் தாராளமா பாயும், எரியாதது ரிங்கு வழியா கீழ எறங்கும். பெட்ரோல் எரிஞ்சா தண்ணியும் வரும், சூடாகாத என்ஜின்ல அது உள்ளயே வேர்த்து ஆயில்ல சேரும். ஸ்கூல் வரைக்கும் போய் வந்து நிறுத்துனா சேந்தது வெளிய போக நேரமே கிடைக்கல. ஆயில் ஊத்துற மூடிய கழட்டி பாருங்க, அடில மயோனிஸ் மாதிரி வெள்ளயா படிஞ்சிருந்தா அது தான் காரணம். மணலி ட்ரிப்புல முக்கா மணி நேரம் ஓடும்போது அதுல நெறைய போயிடுது, அதனால உங்க நெலம மோசம் இல்ல. ஆனா வெறும் ஸ்கூல் ஓட்டம் மட்டும் ஓடுற வண்டிகளுக்கு நான் ஆறு மாசம்னு கண்ண மூடினு சொல்லிடுவேன், மீட்டர்ல 1,000 கி.மீ. காட்டுனாலும்.

வழி இருந்தா ஸ்கூல்ல விட்டுட்டு அப்டியே மணலிக்கு போயிடுங்க. ஒரு கோல்டு ஸ்டார்ட் மிச்சம். ஒரு தப்பும் பண்ணிடாதீங்க, சூடாகட்டும்னு வூட்டு வாசல்ல பத்து நிமிஷம் ஐடில்ல விடாதீங்க. நிக்குற வண்டில ஆயில் சீக்கிரம் சூடாகாது, ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷத்துல மெதுவா நகத்திடணும். நம்ம ஊர் வெயில்ல அதுவே போதும்.

சிந்தடிக் ஊத்திட்டு 15,000 கதைக்கும் சேத்து சொல்லிடறேன். கேன்ல இருக்குறதுல பெரும்பகுதி பேஸ் ஆயில், மீதி அடிட்டிவ், அழுக்க கழுவ ஒண்ணு, அமிலத்த முறிக்க ஒண்ணு, தேய்மானத்துக்கு ஒண்ணுன்னு. சிந்தடிக்குன்றது பேஸ் ஆயில் ஒசத்தி, சூட்டுல சீக்கிரம் கெடாது. ஆனா பெட்ரோலும் தண்ணியும் கலந்தா அதுவும் கலப்படம் தான், அடிட்டிவும் தீந்துக்கினே தான் வரும். உங்க கேஸ்ல ஆயில் சூட்டுல வெந்து கெடல, அழுக்குல கெடுது. அதுக்கு காஸ்ட்லி ஆயில் வாங்கி ரெண்டு வருஷம் வச்சிருக்குறத விட சுமாரான ஆயில் வாங்கி சீக்கிரம் மாத்துறது மேல். இன்னொண்ணு, நீங்க தெனமும் போற மணலிலயே பேஸ் ஆயில் எடுக்குறாங்க தெரியுமா, 1969லேர்ந்து ஓடுற ரிஃபைனரி. நம்ம ஏரியா கண்டெய்னர் தூசிக்கு மட்டும் ஃபேமஸ் இல்ல.

எண்ணூர்_டீசல்காரி:

குறுக்க வர்றேன், மன்னிக்கணும், டீசல் வச்சிருக்குறவங்க யாராச்சும் படிச்சா உபயோகமா இருக்கும். எங்களுது பிஎஸ்6 டீசல். வீட்டுக்காரருக்கு ராயபுரத்துல வேல, தெனமும் டிராஃபிக்ல ஊந்துக்கினே போய் வருவாரு. 6,000 கி.மீ.ல டிப்ஸ்டிக் பாத்தா ஆயில் மேக்ஸ் கோட்டுக்கு மேல இருந்துது. நான் சந்தோஷப்பட்டேன், பரவால்லயே வண்டி ஆயில் குடிக்கலன்னு! அப்றம் தான் தெரிஞ்சுது, அது ஆயில் இல்ல, டீசல் எறங்கிருக்கு. சைலன்சர் பக்கம் டிபிஎஃப்னு ஒரு கரி பில்டர் இருக்குமாம், அது சேந்த கரிய எரிக்க அப்பப்போ எக்ஸ்ட்ரா டீசல் அடிக்கும், வண்டி ஒரே ஓட்டமா ஓடுனா ஒழுங்கா எரிஞ்சி முடியும், நடு வழில டோல்கேட்ல நிறுத்தி ஆஃப் பண்ணா பாதில நின்னு அந்த டீசல் ஆயில்ல சேரும். லெவல் கொறஞ்சா மட்டும் இல்ல, ஏறுனாலும் பயப்படணும்.

ஒரு ஒர்க்‌ஷாப்ல கேட்டதுக்கு "ஒண்ணும் ஆவாது மேடம், கொஞ்சம் உறிஞ்சி எடுத்துடலாம்"னாங்க. எடுத்துட்டா கலந்த டீசல் போயிடுமா? நான் மொத்தமா மாத்துங்கன்னு நின்னேன். இப்போ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஹைவேஸ்ல ஒரே ஓட்டமா ஓட்டிட்டு வர்றோம், டீ குடிச்சிட்டு திரும்புவோம், பசங்களுக்கு அது பிக்னிக். லெவல் ஏறுறது நின்னுடுச்சு. ஆயில் 6,000ல மாத்துறோம், டிபிஎஃப் வண்டிக்குன்னு தனியா ஏசிஇஏ சி3ன்னு போட்டது தான் ஊத்தணும்னு புக்குல இருந்துது.

இன்னொண்ணு, 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல எங்க தெருவுல ஒரு கார் சீட்டு வரைக்கும் தண்ணில நின்னுது. வடிஞ்ச உடனே ஸ்டார்ட் பண்ண போனாங்க, நல்ல வேள ஒரு பெரியவர் தடுத்துட்டாரு. அடில ஆயில் வடிக்கிற ட்ரெயின் நட்டு கழட்டுனா மொதல்ல தண்ணி, அப்றம் பால் ஊத்துன டீ கலர்ல ஆயில். ரெண்டு தடவ புது ஆயில் ஊத்தி எடுத்தப்புறம் தான் ஸ்டார்ட் பண்ணாங்க. மழைல மாட்டுனா கி.மீ. மாசம் எதுவும் பாக்காதீங்க, மொதல்ல சாவிய தூர வைங்க.

மிண்ட்_பஸ்ஸ்டாண்டு:

சரி நான் சொன்ன வருஷத்துக்கு ஒரு தடவைய வாபஸ் வாங்கல, ஆனா எட்டு மாசம்னு எறங்கி வர்றேன் 😅 யார்டு அண்ணனோட மணி கணக்கு மண்டைல ஏறிடுச்சு. என் வண்டில ஆவரேஜ் ஸ்பீடு காட்டும், இப்போ தான் போய் பாத்தேன், 16. எத்தன வருஷமா 10,000க்கு வெயிட் பண்ணிக்கினு இருந்தேன்.

ஆயில் எங்க வாங்குறது நல்லதுன்னு யாராச்சும் சொல்லுங்க, புதுப்பேட்டைல கம்மியா கெடைக்கும்னாங்க.

சர்க்கிள்_டேப்பட்கவர்:

கம்மின்னா எவ்ளோ கம்மின்னு பாரு தம்பி. எம்ஆர்பிலேர்ந்து கொஞ்சம் கொறச்சு குடுத்தா அது வியாபாரம், பாதி வெலைக்கு குடுத்தா அது ஆயில் இல்ல. பழைய கேன் வாங்கி கழுவி, வடிச்ச ஆயில ஊத்தி சீல் ஒட்டுற கூட்டம் எல்லா ஊர்லயும் உண்டு. புதுப்பேட்ட ஆனாலும் ஜி.பி. ரோடு ஆனாலும் பில் குடுக்குற கடைல வாங்கு, இல்ல பெட்ரோல் பங்க்ல வாங்கு. சீல் உன் கண்ணு முன்னாடி ஒடையணும். ஊத்தி முடிச்ச உடனே காலி கேன வயித்துல ஒரு ஓட்ட போட்டுடு, ஸ்டிக்கர கிழிச்சிடு. காலி கேன குடு தம்பின்னு எவனாச்சும் துட்டு குடுத்து கேட்டா அவன் ஊறுகா போட கேக்கல.

அப்றம் பழைய வண்டின்னு சொல்லி கெட்டி ஆயில், 20டபிள்யூ50 ஊத்துற பழக்கம் நம்ம பக்கம் நெறைய இருக்கு. இந்த வேகன்ஆருக்கு புக்குல போட்ட 5டபிள்யூ30 போதும், அதான் கரெக்டு. இந்த என்ஜின்ல எடவெளி எல்லாம் அவ்ளோ சன்னம், கெட்டி ஆயில் ஊத்துனா காலைல மேல போய் சேர லேட் ஆவும். மூணு லிட்டர் சொச்சம் தான் புடிக்கும், நாலு லிட்டர் பில் போட்டா மீதிய கைல வாங்கு. ஒவ்வொரு தடவையும் பில்டரும் மாத்து, ட்ரெயின் நட்டு வாசரும் மாத்து. பழைய வாசர போட்டு லீக்கானா நட்ட இறுக்கு இறுக்குன்னு இறுக்கி சம்ப்ல மரைய ஒடச்சிடுவாங்க, அப்போ வாசர் காசுக்கு சம்ப் வெல குடுக்கணும். என்ஜின் உள்ள கழுவுற ஃபிளஷ் ஊத்தலாமான்னு கேப்பாங்க, வேணாம். உள்ள தார் படிஞ்ச வண்டில ஃபிளஷ் ஊத்தி அந்த கட்டி ஒடஞ்சி ஜல்லடய அடச்சி வந்த வண்டிய நான் பாத்துருக்கேன். சீக்கிரம் சீக்கிரம் ஆயில் மாத்துனா தானா மெதுவா கரையும்.

கணக்கு வச்சிக்க கஷ்டமா இருக்குறவங்களுக்கு நான் ஒண்ணு சொல்வேன். ஆயுத பூஜைக்கு எப்டியும் வண்டிய கழுவி பொட்டு வச்சி எலுமிச்சம்பழம் நசுக்குற, அதுக்கு முந்தின வாரம் ஒரு ஆயில். அப்றம் பங்குனி உத்திரம் வரும்போது ஒரு ஆயில். நடுவுல ஆறு மாசம் கரெக்டா இருக்கும். மழைக்கு முன்னாடி ஒண்ணு, வெயிலுக்கு முன்னாடி ஒண்ணு. என் கஸ்டமருங்க பாதி பேரு இப்டி தான் வராங்க, ஸ்டிக்கர பாத்து வர்றதில்ல.

மஞ்சபோர்டு_பெரம்பூர்:

ஆயுத பூஜைக்கு ஆயில் மாத்துறேன்னா உன் கடைல க்யூ நிக்கணுமேண்ணே 😂 சரி, லேப்காரர் சொன்ன கோல்டு ஸ்டார்ட் மேட்டர் ஒத்துக்குறேன். என் மச்சான் ஒரு கார் வச்சினு மாசத்துல நாலு நாள் தான் எடுப்பான், அவனுக்கு ஆயில் கேப்ல வெள்ளயா இருந்துது, கூலன்ட் ஆயில்ல கலக்காம தடுக்குற ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு சொல்லி பெரிய எஸ்டிமேட் போட்டாங்க. கூலன்ட் ஒரு சொட்டு கொறயல. நான் வண்டிய வாங்கி ஒரு நாள் ட்ரிப் அடிச்சு குடுத்தேன், வெள்ள காணாம போச்சு. ஆயில் மாத்திட்டு சும்மா வுட்டுட்டான்.

பேசின்பிரிட்ஜ்_லேப்:

கரெக்டா பண்ணீங்க. கேப்ல மட்டும் வெள்ளயா இருந்தா பெரும்பாலும் ஈரம் தான். டிப்ஸ்டிக்லயும் பால் கலர் வந்து கூலன்ட்டும் கொறஞ்சா தான் கேஸ்கெட்ட சந்தேகப்படணும்.

டோல்கேட்_வேகன்ஆர்:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். நேத்து ஞாயித்துக்கிழம மாத்திட்டேன், பக்கத்துல நின்னே பாத்தேன். எட்டு மாசம், 3,700 கி.மீ. ஓடுன ஆயில். தண்ணி மாதிரி ஊத்துச்சு, மோந்து பாத்தா லேசா பெட்ரோல் வாட. கேப்ல வெள்ள இல்ல. ஆனா பில்டர கழட்டும்போது தான் ஷாக். வெளிய துரு புடிச்சி, கைல புடிச்சா செதில் செதிலா உதுருது. மெக்கானிக் அண்ணன் பாத்துட்டு "இது எட்டு மாசத்து துரு இல்ல தம்பி, கடக்காத்து அடிச்சாலும் இவ்ளோ ஆவாது"ன்னாரு. போன தடவ நான் குடுத்த எடத்துல பில்லுல பில்டர்னு போட்டு காசு வாங்கிருக்காங்க, பில்டர மாத்தவே இல்ல. அந்த பில் இன்னும் என்கிட்ட கீது. 2,000ல ஏன் கருத்துச்சுன்னு இப்போ புரியுது.

5டபிள்யூ30, பில்டர், வாசர், லேபர் எல்லாம் சேத்து 2,000 சொச்சம் ஆச்சு. ஏர் பில்டர தட்டி பாத்தா அரை டம்ளர் மண்ணு, அதுவும் புதுசு. ஓட்ட போட்ட கேன் வூட்ல இருக்குது, ஸ்டிக்கர பையன் கிழிச்சிட்டான்.

ஸ்கூல்ல விட்டுட்டு அப்டியே மணலி போறத பத்தி வூட்ல பேசுனேன், டிபன டப்பால கட்டி குடுக்குறேன்னு சொல்ட்டாங்க, ஆனா எட்டு மணிக்குள்ள குளிச்சிருக்கணுமாம். அது தான் இப்போ பெரிய பிரச்சன.

மாமனார் கிட்ட பங்குனி உத்திரம், ஆயுத பூஜைன்னு சொன்னேன். "அதுக்குள்ள எவ்ளோ ஓடிருக்கும்?"னாரு. 2,700 மாமான்னேன். ஒண்ணும் சொல்லல, இன்னொரு துண்டு வஞ்சிரத்த தூக்கி என் தட்டுல போட்டாரு.

எண்ணூர்_டீசல்காரி:

பில்லையும் பழைய பில்டரையும் ஒரே ஃபோட்டோல எடுத்து வச்சிக்கோங்க, அந்த எடத்துல காட்டி காச திருப்பி கேளுங்க, விடாதீங்க.

வடிச்ச ஆயில இன்னா பண்ணீங்க? கால்வாய்ல ஊத்தலயே? 2023ல வெள்ளத்தோட எண்ண கொசஸ்தலை ஆத்துல கலந்து எங்க ஆளுங்க வலையும் படகும் கருப்பா போனத பாத்ததுலேர்ந்து இத யார்கிட்டயும் கேக்காம இருக்க முடியல.

டோல்கேட்_வேகன்ஆர்:

இல்லக்கா, கடைலயே டிரம் வச்சிருக்காரு, அதுல ஊத்திட்டாரு. மாசத்துக்கு ஒரு தடவ வண்டி வந்து எடுத்துனு போவுமாம்.

சர்க்கிள்_டேப்பட்கவர்:

ஆமாம்மா, வடிச்ச ஆயில் அபாயக் கழிவு கணக்குல வருது, லைசென்ஸ் இருக்குறவன் கிட்ட தான் குடுக்கணும். முன்னாடி மரத்துக்கு, கதவுக்கு அடிக்கன்னு கேட்டு வாங்கினு போவாங்க, இப்போ நான் குடுக்குறதில்ல.

தம்பி, 500 கி.மீ. ஓட்டிட்டு ட்ரெயின் நட்டு அடில ஒரு பேப்பர் போட்டு ராத்திரி நிறுத்து. காலைல சொட்டு இருந்தா சொல்லு.